சாமியின் இடது கை

"பொண்ணு இடது கையால எழுதினா வீடு விளங்குமா?" என்று அத்தை, சின்னவளின் இடது கையைத் துணியால் கட்டிப்போட்டிருந்தாள்.

நூலகத்து வேலை முடிந்து வந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் நூலகத்துக்கே திரும்பி ஓடி, மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கனத்த தொகுதியைத் தூக்கிவந்து, நாத்தனார் முன் விரித்தாள்.

"நீங்க தினமும் ஜெபம் பண்ற இயேசு எந்தக் கையால ஆசீர்வதிக்கிறார்னு பாருங்க, அண்ணி!"

சந்தேகமே இல்லை, இடது கை. அத்தை சின்னவளின் கைக்கட்டை அவிழ்த்தாள்.

"சாமியும் என்னை மாதிரியாம்மா?" சின்னவள் அம்மாவின் காதோரம் கேட்டாள்.

"இல்லடி. ஓவியத்துல வலது கைதான். தகட்டுல அப்படியே செதுக்கி அச்சடிச்சா, கண்ணாடியில தெரியற மாதிரி வலது இடதாயிடும்."

"அப்போ அத்தையை ஏமாத்திட்டியா?"

"அவங்க உன் கையை மாத்தப் பார்த்தாங்க. நான் சாமி கையையே மாத்திக் காட்டிட்டேன், போ!"