வாறன் என்ற சொல்

பதுங்கு வீட்டின் கதவுக்குக் காது உண்டு. வெளியே போகிறவர் "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் திரும்பும்வரை அது முழுதாய்ச் சாத்திக்கொள்ளாது. ஓர் ஆள் நுழைய இடைவெளி விட்டுக் காத்திருக்கும். யாரும் வெளியே அகப்பட்டுவிடக் கூடாது என்று இரக்கப்பட்டுச் செய்த கதவு.

சுகந்தன் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனது போன மாரிகாலத்தில். "போறன்" என்றால் தாய் தவமலர் ஏசுவாள். அதனால் வழக்கம்போல "போயிட்டு வாறன் அம்மா" என்றுதான் சொல்லிப் போனான்.

இதுவரை குண்டுகள் தூரத்தில்தான் விழுந்தன. இன்று அபாயச் சங்கு ஊதும்போதே ட்ரோன்களின் இரைச்சல் வீட்டு முன் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது.

"சுகந்தன் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்" என்றது கதவு.

மகள் நிலானி கைக்குழந்தையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு கத்தினாள். "அம்மா, அண்ணா வரமாட்டார் எண்டு சொல்லுங்கோ! உங்களிட்டைத்தானே சொல்லிப்போட்டுப் போனவர், நீங்கள் சொன்னாத்தான் அது பூட்டும்!"

பக்கத்தில் ஒன்று விழுந்தது. இடைவெளியால் மண் வந்து பிள்ளையின் முகத்தில் கொட்டியது.

தவமலர் கதவைப் பார்த்தாள்.

"வரமாட்டான்."

கதவு உடனே சாத்திக்கொண்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகு, நிலானி தண்ணீர் அள்ளக் குடத்தை எடுத்தாள். வாசலில் நின்று, "அம்மா, போயிட்டு..." என்று தொடங்கியவளின் வாயைத் தவமலர் ஓடிப்போய்ப் பொத்தினாள்.

"பிள்ளை, ஒண்டும் சொல்லாதை. சும்மா போ."