ஆறு நாளுக்கு ஒரு கோளாறு

“செத்துப்போச்சு மாஸ்டர். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

கறையான் புற்றின் உச்சியில் நின்றுகொண்டு வும்பெய் கைபேசியில் விம்மினார். எங்கள் ஊரில் அந்தப் புற்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். செத்தது ஆள் அல்ல, பைபிள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக் கம்ப்யூட்டர். எங்கள் மொழியில் பைபிளைக் கொண்டுவரப் பதினோரு வருடமாக உழைக்கும் மனிதர் வும்பெய். விம்ம உரிமை உண்டு.

புற்றின் அடியில் அவர் மனைவி லாமிசி, கிழங்கு தோண்டிய மண் கையில் காயாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வும்பெய் தலையை ஆட்டியதும் அவள் பாட்டுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுமுனையில் இருந்தவர் செலோம். தலைநகர் அக்ராவில் படித்த கடலோரத்து ஆள். டமாலே நகரத்தில் குடியிருந்துகொண்டு, இந்த வட்டாரத்து மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிறார். ஐந்து மணி நேரம் பிக்கப் வண்டியில் குலுங்கி வந்து சேருவார். அவர் கை பட்டதும் அந்தச் சனியன் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும்.

“உங்க கைராசி மாஸ்டர்” என்பார் வும்பெய்.

செலோம் அன்றைக்குத் தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்புவார். வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்ளாமல் போனதே இல்லை. அப்படி ஒரு தங்கமான மனிதர்.

ஒவ்வொரு கோளாறையும் அவர் நோட்டில் எழுதி வந்தார். எலி என்று நினைத்தார், புழுதிக்காற்று என்று நினைத்தார், சோலார் பேட்டரியைக்கூட மாற்றிப் பார்த்தார். கடைசியில் ஒன்றுதான் உறுதியாயிற்று. ஆறு நாளுக்கு ஒரு தடவை, பிசகாமல் கெடுகிறது. ஏழு நாள் என்றால் வைரஸ் என்றாவது சொல்லலாம், ஆறு நாள் கணக்கு எந்த மிஷினுக்கும் கிடையாது என்று மனைவியிடம் புலம்பினாராம். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சேதி வராமல் இருக்குமா?

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. கடைசிச் சரிபார்ப்பின்போது கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் இந்த வருடமும் புத்தகம் வராது, பழி தன் தலையில்தான் என்று செலோமுக்குத் தூக்கம் போயிற்று. தலைமை அலுவலகம் யோசித்து ஒரு வழி சொன்னது. குடும்பத்தோடு அந்த ஊருக்கே போய்விடு.

செலோமின் மனைவி ஜிஃபா பள்ளிக்கூட டீச்சர். எத்தனையோ வருடம் காத்திருந்து, போன மாதம்தான் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதன் சூடுகூட இன்னும் ஏறவில்லை.

“நீங்க தாலி கட்டினது எனக்கா, அந்த மிஷினுக்கா?” என்று கேட்டாளாம். தாலி எங்கள் பக்கத்தில் இல்லை. அவள் கேட்டது மோதிரத்தைப் பற்றி. சூடு மட்டும் அதே சூடுதான்.

செலோம் கோபப்படவில்லை. ஒரு ஜனத்துக்கு வர வேண்டிய வேதம் நம்மால் நின்றது என்று இருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். எட்டு வயது மகள் எடினாம் தன் சைக்கிளை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். எங்கள் ஊர்ப் பெண் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சேதி கேட்டு எங்கள் ஊர் குதித்த குதிப்பைச் சொல்லி மாளாது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கூரை மாற்றினார்கள். வண்டி நிறுத்தக் கொட்டகைகூடப் போட்டார்கள். வந்து இறங்கிய அன்று மத்தளமும் ஆட்டமுமாக அமர்க்களம். கினிக்கோழி மட்டும் ஏழு. வேலையை விட்டு வந்த ஜிஃபாவுக்கே கண் கலங்கிவிட்டது.

“நம்ம மேல இவ்வளவு பிரியமா?” என்று கணவரிடம் கேட்டாள்.

“நம்ம மேலயா? வேதத்து மேல” என்றார் செலோம்.

பிறகு எழுந்து நின்று ஊராருக்கு நன்றி சொன்னார். இனி யாரும் புற்றின் மேல் ஏறி அழ வேண்டாம், கம்ப்யூட்டர் கெட்டால் கதவைத் தட்டினால் போதும் என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தனக்கு இனி அலைச்சல் இல்லை என்பதால் வண்டியை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொல்லி முடித்தார். டிரைவர் கடைசிப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு பிக்கப்பைத் திருப்பினார்.

மத்தளம் நின்றது. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். வும்பெய் குனிந்து தன் செருப்பை ஆராய ஆரம்பித்தார்.

லாமிசி மட்டும் புழுதி அடங்கும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜிஃபாவின் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் மேடம், அப்ப இனிமே கம்ப்யூட்டரைக் கெடுத்தாலும் ஆறு நாளுக்கு ஒரு தடவை கூடுற சந்தைக்கு வண்டி கிடைக்காதா?”