சிவக்கும் கட்டங்கள்

"மெயின் சர்வரை இப்பவே நிறுத்தணும், சார்." கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லப்பட்டதை அவள் நின்றபடி கேட்கிறாள். மருத்துவமனையின் நோயாளி விவரம் மொத்தமும் அந்த ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. மேலாளரின் கண்ணாடி அறையில் மதிய வெயில் சாய்ந்து கிடக்க, சர்வரின் நிலையைக் காட்டும் சுவர்த்திரையின் கட்டங்கள் எல்லாம் பச்சையாக மினுங்குகின்றன. "எல்லாம் பச்சையாத்தானேம்மா இருக்கு? ஓடுறதை ஏன் நோண்டுற?" என்கிறார் அவர், டீயை ஆற்றியபடி. "அடிக்கடி அலாரம் அடிக்குது, தொந்தரவுன்னு எச்சரிக்கை அளவை ஏத்தி வெச்சா பச்சையாத்தான் சார் இருக்கும்." அவர் மேஜைக் கணினியில் குனிந்து பழைய அளவையே திரும்பத் தட்டுகிறாள், கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. "உங்க வீட்டுல நீதானே முதல் பட்டதாரி? கொஞ்சம் அடக்கமா இரு." "அடங்கி அடங்கித்தான் சார் எனக்கு முன்னாடி யாரும் படிக்கலை. மாற்று சர்வர் தயாரா இருக்கு, ஆனா மெயினை நிறுத்தினா அது பொறுப்பெடுக்குமான்னு ஒருதடவைகூட நாம பார்த்ததில்லை. வார்டுல எல்லாம் சொல்லிட்டேன், இப்ப பேப்பர்லதான் எழுதுறாங்க. மெயின் தானா படுத்துச்சுன்னா, ஆபரேஷன் மேஜையில கிடக்கிறவரோட ரத்த வகையை யார்கிட்டப் போய்க் கேப்பீங்க?" டம்ளரில் ஆடை படிகிறது. கொக்கியிலிருந்து சர்வர் அறைச் சாவியை அவளே எடுத்துக்கொள்கிறாள். கதவு தானாக மூடிக்கொள்ளும் முன்பே அவள் தாழ்வாரத்தின் பாதியைக் கடந்துவிடுகிறாள்.