மாப்பிள்ளை மாட்டிய பெட்டி

“மாமா, வலையைத் தூக்குங்க! ஓடிருவோம்!” என்று மருமகன் அலறினான்.

படகின் கம்பத்து உச்சியில் அவன் மாட்டிய ஆன்டெனா, சுக்கானுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. ரேடார் அலை வந்து மேலே விழுந்தால் பெட்டி கீச்சிடும். எந்தத் திசையிலிருந்து என்று சிவப்பு விளக்கு காட்டும். இப்போது வடக்கு விளக்கு எரிந்தது.

“சரக்குக் கப்பலா இருக்கப்போகுது” என்றார் மாமனார்.

“அதோட கத்தலே வேற மாமா. இது ரோந்துக் கப்பல்! கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நம்ம பெட்டி சொல்லிடுச்சு, பாத்தீங்களா?”

மாமனார் பாய்ந்து வலைக்கயிற்றைப் பிடித்தார். தண்ணீரில் கிடந்தது குஞ்சு மீனைக்கூட விடாத பொடிக்கண் வலை. தடை செய்யப்பட்ட சமாசாரம். போன தடவை எச்சரித்து விட்டார்கள். இன்னொரு தடவை சிக்கினால் படகே பறிபோய்விடும்.

வலையை அள்ளித் தார்ப்பாய்க்குள் திணித்துக்கொண்டு தெற்கே பறந்தார்கள். சுற்றிலும் நாற்பது படகுகள் அசையாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தன.

“ஒருத்தருக்கும் விஷயமே தெரியல மாமா!”

“பாவம், பெட்டி இல்லாத ஜனங்க” என்று மாமனார் உச்சுக்கொட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவனைத் ‘தண்டம்’ என்றே சொல்லி வந்தவர், “மாப்பிள்ளைன்னா நீங்கதான் மாப்பிள்ளை!” என்று தோளில் தட்டினார். மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாறைத்திட்டைத் தாண்டியதும் எதிரே சின்ன ரோந்துப் படகு ஒன்று இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தது. அதில் ரேடாரே கிடையாது. பெட்டி வாயே திறக்கவில்லை.

அதிகாரி ஏறி வந்தார். நேராகத் தார்ப்பாயைத் தூக்கினார். வலை பல்லிளித்தது.

மாமனாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அங்க நாப்பது படகு நிக்குது சார். எங்ககிட்டதான் இந்த வலை இருக்குன்னு எவன் காட்டிக் குடுத்தான்?”

“யாரும் இல்லீங்க. ரேடார்ல படகு தெரியும், வலையா தெரியும்?” அதிகாரி அண்ணாந்து ஆன்டெனாவை வாஞ்சையோடு பார்த்தார்.

“கப்பல்ல சும்மா சுவிட்சைப் போட்டோம். நாப்பத்தோரு புள்ளியில ஒண்ணுதான் ஓடுச்சு.”