வாய் மூடாத மலர்

"தமிழ்லதானே கேக்கறேன்? தமிழ்லயே சொல்லுங்க ஆண்டி. அலமாரிச் சாவி எங்க?"

முகமூடிக்காரன் இரண்டாவது தடவையாகக் கேட்டான். மலர் அப்போதும் மலாயில்தான் பதில் சொன்னாள். அவசரப்படாதே தம்பி, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த மகேஸ்வரனுக்கு எரிச்சலாக வந்தது. முப்பது வருடக் குடித்தனத்தில் மனைவி இப்படித் தடுமாறி அவர் பார்த்ததில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். சாப்பிட்டுவிட்டு அவர் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். பின்வாசல் கம்பிக்கதவின் பூட்டை வெட்டிக்கொண்டு மூன்று பேர் உள்ளே வந்துவிட்டார்கள். எழுந்திருப்பதற்குள் அவரைக் கட்டிப்போட்டார்கள். அவருடைய போனையும் மலருடைய போனையும் பிடுங்கி மீன் தொட்டிக்குள் போட்டார்கள். சாவி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்று மலரை மட்டும் கட்டவில்லை.

அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி, காலணிக் கடையில் கொடுப்பது. அது நிறையப் பழைய போன்கள். அக்கம்பக்கத்தில் வேண்டாமென்று கிடப்பதையெல்லாம் கேட்டு வாங்கி வருவாள். துடைத்து, சார்ஜ் ஏற்றி யார் யாருக்கோ கொண்டுபோய்க் கொடுப்பாள். ஏன் எதற்கு என்று மகேஸ்வரன் கேட்டதில்லை. குப்பை சேர்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வதோடு சரி.

முகமூடிக்காரனும் உள்ளே வந்ததுமே அப்படித்தான் நினைத்தான். பெட்டிக்குள் கைவிட்டு இரண்டு மூன்றைத் திறந்து பார்த்தான். எதிலும் சிம் இல்லை. சிரித்துவிட்டு, பெட்டியை அவள் மடிக்கே தள்ளினான். அவளும் கலைந்ததை உள்ளே கைவிட்டு அடுக்கிவிட்டு, அதைப் புதையல் மாதிரி அணைத்துக்கொண்டாள்.

அலமாரியில் இருந்தது மகள் லோஷினியின் கல்யாண நகை. சிங்கப்பூரில் ஐந்து வருடம் வேலை பார்த்து அவளே வாங்கிச் சேர்த்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்றே வாரம்.

"தம்பி, நீங்க வீடு மாறி வந்துட்டீங்க," என்றாள் மலர், அதே மலாயில். "பணக்காரங்க இருக்கிறது ஜாலான் மெலோர் பதினேழு. இது ஜாலான் மெலாத்தி பதினேழு. தம்போய், தாமான் செரோஜா. வொர்க்‌ஷாப் மகேஸ்வரன் வீடு."

மகேஸ்வரன் கூனிக் குறுகிப்போனார். தன் வீடு தப்ப அடுத்தவன் வீட்டைக் காட்டிக் கொடுக்கிறாளே! ஜாலான் மெலோர் தெருவில் அப்படி எந்தப் பணக்காரனும் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"கத்தாதீங்க ஆண்டி."

"நான் எங்கப்பா கத்தினேன்? எங்க வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு. அவரைப் போய் கட்டிப் போட்டிருக்கீங்க. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அதுக்கு மூணு பேரா வந்து, ஆளுக்கொரு பாராங்கத்தி எதுக்கு?" மலர் மலாயை விடவில்லை.

கூட வந்தவர்களில் ஒருவன் சாவியைக் கேட்டு மேசையில் ஓங்கித் தட்டினான். அரிசி வாளிக்குள் இருக்கும் என்றாள். அரிசியெல்லாம் தரையில் கொட்டியதுதான் மிச்சம். சாமி படத்துக்குப் பின்னால் என்றாள். அங்கேயும் இல்லை. சப்பாத்து அலமாரியில் பாருங்கள் என்றாள். ஊசி வைத்த இடத்தைக்கூட மறக்காதவள் அவள். படுக்கையறைக் காலண்டருக்குப் பின்னால் சாவி தொங்குவதைத் தானே சொல்லிவிடலாமென்று மகேஸ்வரன் வாயெடுத்தார். மலர் ஒரு பார்வை பார்த்தாள். அவர் அடங்கிப்போனார்.

தேடிக் களைத்தவர்களிடம், பின்சந்தில் நிற்கும் வெள்ளை வேன் அவர்களுடையதுதானா, குப்பை லோரி வந்தால் இடிக்கப் போகிறதே என்று மலர் அக்கறையாக விசாரித்தாள்.

முகமூடிக்காரன் பொறுமை இழந்தான். கத்தி மகேஸ்வரனின் கழுத்துக்கு வந்தது. அதன் பிறகு மலர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. காலண்டரைக் கைகாட்டினாள்.

ஐந்தே நிமிடம். நகைப் பெட்டிகள் பைக்குள் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மூவரும் பின்வாசலுக்கு ஓடினார்கள். மகேஸ்வரன் கண்களை மூடிக்கொண்டார். மகளிடம் என்ன சொல்வது?

பின்சந்தில் திடீரென்று ஒரு அதட்டல். கத்திகள் சிமெண்டுத் தரையில் விழுந்தன. முன்வாசல் கேட்டையும் யாரோ தாண்டிக் குதித்தார்கள். மகேஸ்வரன் கண்ணைத் திறந்தபோது வீடு முழுக்கப் போலீஸ். பின்சந்தில் மூன்று முகமூடிகளும் கழன்று, மூவரும் மண்டியிட்டிருந்தார்கள். நகைப் பை சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்தது. ஒரு தோடுகூடக் குறையவில்லை.

கட்டை அவிழ்த்துவிட்டதும் அவர் எழுந்தார். மலரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஏன் மலரு, அவனுங்க தமிழ்ல கேக்கறானுங்க, நீ மலாய்ல விலாசத்தையெல்லாம் ஒப்பிக்கிற. பயத்துல யாருகிட்ட பேசறோம்னுகூடத் தெரியாம போச்சா?"

"தெரிஞ்சுதாங்க பேசுனேன்," என்றாள் மலர்.

சப்பாத்துப் பெட்டிக்குள் கைவிட்டு, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு பட்டன் போனை எடுத்துக் காதில் வைத்தாள். "போலீஸ் வந்துட்டாங்க மேடம். மூணு பேரும் மாட்டிக்கிட்டாங்க. இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருந்ததுக்கு நன்றி," என்றாள் மலாயில்.

சிம் இல்லாவிட்டாலும் கிடைக்கும் அவசர எண்ணான 999, அந்தப் போனில் இருபத்திரண்டு நிமிடங்களாக ஓடிக்கொண்டிருந்தது.