தாடி ராசி

பக்கத்து மேஜை அக்கா இப்படிக் காலை வாருவாள் என்று சுருட்டை கனவிலும் நினைக்கவில்லை.

"சார், இவ குடுவையில ஒண்ணும் விழ மாட்டேங்குது. நீங்க வந்து ஒரு தடவை குனிஞ்சு பார்த்தாப் போதும்" என்று பேராசிரியரிடம் போய்க் குழைந்து நின்றவள் அந்த அக்காவேதான்.

பேராசிரியருக்கு அந்த வேதியியல் லேபில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் தாடி. நெஞ்சு வரைக்கும் தொங்கும். சும்மா தாடி இல்லை, ராசியான தாடி. அது எந்தக் குடுவை மேல் குனிந்தாலும் மறுநாள் படிகம் விழுந்துவிடும் என்று துறை முழுக்கப் பேச்சு.

படிகம் விழுந்தால்தான் செய்த மருந்துக்கு உருவம் தெரியும், ஆராய்ச்சிப் பேப்பர் எழுத முடியும். யார் வந்து நின்று படிகம் விழுந்ததோ, அவர் பெயர்தான் பேப்பரில் முதலில் வரும். அது அங்கே எழுதாத சட்டம். சட்டம் போட்டது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா என்ன?

சுருட்டை அங்கே கடைக்குட்டி ஆராய்ச்சி மாணவி. சுருட்டை முடியால் வந்த பெயர். வந்த நாளிலிருந்து ஒரே மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாப் படியும் ஒழுங்காக வந்துவிட்டு, கடைசியில் அது தேன் மாதிரிப் பாகாகவே உட்கார்ந்து அடம்பிடித்தது. அவளுக்கு அதுதான் முதல் பேப்பர். அதில் அவள் பெயர் முதலில் வந்தால் மேற்கொண்டு வேலை உண்டு, வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இத்தனையும் தெரிந்த அக்காதான் தாடியைப் போய் அழைத்தாள்.

தாடி வந்தார். தாடியை நீவிக்கொண்டே குனிந்தார். 'ம்' என்றார். போய்விட்டார்.

மறுநாள் காலையில் குடுவையின் அடியில் ஊசி ஊசியாகப் படிகம் நின்றது. பேப்பரில் முதல் பெயர் இனித் தாடிக்குத்தான் என்று சுருட்டைக்குப் புரிந்துபோனது.

அக்காவோ ஒவ்வொரு லேபாகப் போய், எல்லாம் சாரோட தாடி ராசி என்று தம்பட்டம் அடித்தாள். அது போதாதென்று, வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த 'வேதியியலில் பெண்கள்' விழாவில் சாரே இதைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஏற்பாடும் செய்தாள். பதவி உயர்வுக்கு அடி போடுகிறாள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். சுருட்டை அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அக்கா அதைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை.

விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் ஒரு பெரிய ஆய்விதழின் ஆசிரியை. அவர் முன்னால் தாடி மைக்கைப் பிடித்தார். பெண்கள் இல்லாமல் வேதியியலே இல்லை என்றார். மூச்சுக்கு மூச்சு சமத்துவம் என்றார். பிறகு மெல்லப் படிகக் கதைக்கு வந்து, தன் ராசியைத் தானே சிலாகித்துக்கொண்டார். அரங்கம் கைதட்டியது.

அக்கா எழுந்தாள்.

"சின்னச் சந்தேகம் சார். படிகம் விழறதுக்கு நீங்க அதுல என்ன சேர்த்தீங்க?"

"ஒண்ணுமே சேர்க்கலைம்மா."

"சூட்டை மாத்து, கரைப்பானை மாத்துன்னு ஏதாவது சொன்னீங்களா?"

தாடிக்குப் பெருமை பிடிபடவில்லை. "நான் குடுவையைத் தொடவே இல்லைங்கறேன். வேலையெல்லாம் அந்தப் பொண்ணு செஞ்சது. நான் வந்தேன், குனிஞ்சேன், போனேன். அதுக்குப் பேர்தானேம்மா ராசி?"

"ரொம்ப நன்றி சார்" என்று அக்கா அடக்கமாக உட்கார்ந்தாள்.

ஆசிரியை மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். எங்கள் இதழில் வேலை செய்தவர் பெயரைப் போடுவதுதான் வழக்கம், குனிந்தவர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்றார். யார் வேலை செய்தது என்பதைப் பேராசிரியரே இத்தனை பேர் முன்னால் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார், அந்தப் பெண் தன் பெயரை முதலில் போட்டு உடனே பேப்பரை அனுப்பட்டும் என்றார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தாடி மைக்குக்குக் கையை நீட்டினார், பிறகு தானும் கைதட்டினார். வேறென்ன செய்வார், பாவம்.

விழா முடிந்ததும் சுருட்டை வராந்தாவில் அக்காவை மடக்கினாள்.

"ஒருவேளை படிகம் விழாமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கக்கா?"

"விழாம எங்க போகும்? நீ கழுவாமப் போட்ட பழைய குடுவையோட கழுத்துல, உன் மருந்து காஞ்சு படிகமா ஒட்டிட்டிருந்துச்சு. அதுல ஒரு துணுக்கு எடுத்து, அவர் வர்றதுக்கு முன்னாடியே பாகுல போட்டுட்டேன்."

பாலுக்கு உறை ஊற்றுகிற வேலைதான். ஒரு துளி தயிர் விழுந்தால் மொத்தப் பாலும் தயிராகிவிடும். அந்த ஒரு துளியும் சுருட்டை செய்ததுதான்.

"அப்போ அவர் தாடியில இருந்து எதுவும் விழலையா?"

"பொடுகு விழுந்திருக்கும். வடிகட்டிடு."

சுருட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நானே எல்லாருக்கும் காட்டியிருப்பேனே, உங்களைப் போய் என்னென்னவோ நினைத்துவிட்டேனே என்று பொரிந்து தள்ளினாள்.

"நீயே காட்டியிருந்தா, 'போன வாரம் நான் அந்தப் பக்கமா நடந்து போனேன், அதான் விழுந்துச்சு'ன்னு சொல்லியிருப்பார்" என்றாள் அக்கா. "என்னோடதுக்கு அப்படித்தான் சொன்னார்."