பதினேழு வரை

"உங்கப்பா கத்தியோட பேசறாருங்க."

திருமூர்த்தி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேசட்டும். உன்னோட பேசினாத்தான் நீ வள்ளுனு விழறியே."

"ஜோக்கா? இன்னிக்கு அரிசி மூட்டையோட உள்ள வரேன், வீடு பூரா கிராம்பு வாசனை. ஸ்டடி ரூமை எட்டிப் பார்த்தா..."

ஷ்யாமளாவால் மேலே சொல்ல முடியவில்லை. சொல்லுக்குப் பஞ்சமில்லாதவள்தான்.

நாலு மணி வெயிலில் மாமனார் பசுபதி கார்ப்பெட்டில் மண்டி போட்டிருந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். பிடரி தெரியத் தலை குனிந்திருந்தது. எதிரே உறையிலிருந்து உருவிய ஜப்பான் வாள்.

வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. இச்சி, நி, சான் என்று போய்க்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் நின்றது. அடுத்ததை யாரோ சொல்ல வேண்டும் என்பதுபோல் அவர் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து.

பதினோரு வருஷம் கான்வென்ட்டில் படித்தவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கதவோரம் நின்று சொற்களை விரல்விட்டு எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் பதினேழில் நின்றது.

"கிராம்பு எண்ணெய் நான் தடவறதுதான். துருப் பிடிக்காம இருக்க" என்றான் திருமூர்த்தி. "அவர் முணுமுணுக்கறது ஜப்பான் பாஷைல ஒண்ணு, ரெண்டு, மூணு. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா தூக்கத்துல எண்ணுவார். ஆபீஸ்ல இருக்கற ஜப்பான்காரர் சொல்லித்தான் எண்ணிக்கைன்னே தெரிஞ்சுது."

மூன்று வருஷம் அவன் ஹூஸ்டனில் ஒரு கன் ஷோவை, துப்பாக்கிச் சந்தையை, விட்டதில்லை. யுத்தகால ஜப்பான் வாளைக் கண்டால் கூர் பார்க்க மாட்டான், விலை கேட்க மாட்டான். கைப்பிடி ஓரம் இரும்பில் குத்தியிருக்கும் நம்பரைப் பார்ப்பான். அதே நம்பர் உறையிலும் இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு பர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து ஒப்பிட்டுவிட்டு, லாட்டரி விழாதவன் மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான்.

போன வருஷம் ஒரு கிழட்டுச் சிப்பாய் வீட்டில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் நம்பர் ஒத்துப்போனது. திருமூர்த்தி அந்த டிரைவ்வேயிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சீட்டில் இருந்தது பசுபதியின் கையெழுத்து.

"எதுக்குன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"கேட்டேன். 'தினமும் மூஞ்சிக்கு நேரா பார்த்த நம்பர்'னார். மலாயாத் தோட்டத்துலேருந்து பதினஞ்சு வயசுல ஜப்பான்காரங்க அவரைச் சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போனாங்க இல்ல? அங்க."

வாளில் ஒரு துணிச் சீட்டும் கட்டியிருந்தது. சரணடைந்தபோது அதன் சொந்தக்காரனான ஜப்பான் சார்ஜென்ட் பேரும் ஊரும் எழுதிக் கட்டியது. ஆபீஸ் ஜப்பான்காரர் அதைப் படித்து அந்த ஊருக்கு எழுதிப் போட, சார்ஜென்ட் செத்துப் பல வருஷம் ஆயிற்று, மகன் சான் ஹோசேயில் இருக்கிறார் என்று பதில் வந்தது. அந்த மகன் வருகிற சனிக்கிழமை சுகர் லேண்டுக்கு, இந்த வீட்டுக்கே வருகிறார்.

"வர வேண்டாம்னு சொல்லுங்க. இல்லேன்னா உங்கப்பா ஊருக்குத் திரும்பற டிக்கெட்டை முன்னாடி மாத்துங்க. என் கார்ப்பெட்ல ரத்தக்கறை கழுவ என்னால முடியாது."

திருமூர்த்தி மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

சனிக்கிழமை காலை ஸ்டடி ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மொரிடா என்ற அந்த மனிதருக்கு அறுபது வயது இருக்கும். வாசலிலேயே இடுப்பு மடங்கக் கும்பிட்டார். அவரைக் கண்டதும் பசுபதி சோபாவிலிருந்து எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார்.

"சாவி குடு கண்ணு."

"மாமா, எதுக்கு நீங்க..."

"குடு."

கொடுத்தாள்.

உறை இல்லாமல் வெறும் வாளோடு வந்தார். கிராம்பு வாசனை அவருக்கு முன்னால் வந்தது. ஷ்யாமளா கையில் கிடைத்த கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். மொரிடா பின்வாங்கவில்லை. மண்டி போட்டார். பிடரி தெரியத் தலை குனிந்தார். அன்றைக்கு அவள் பார்த்த அதே கோலம்.

"என் அப்பா திரும்பி வந்து இருபது வருஷம் இருந்தார்" என்றார் ஆங்கிலத்தில், குனிந்தபடியே. "அங்கே நடந்ததை ஒரு வார்த்தை பேசியதில்லை." தலையைத் தூக்கி, கூரில் சின்னதாகப் பல் உடைந்திருந்த இடத்தைக் காட்டினார். "இது யார்?"

திருமூர்த்தி அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னான்.

பசுபதி அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"மூங்கில்" என்றார். "சயாம்ல எங்க பார்த்தாலும் மூங்கில்தான். கொட்டாய் போட உங்கப்பா வெட்டுவாரு. காய்ச்சல்ல கெடந்தா எங்களுக்குக் கஞ்சி ஊத்துவாரு. நல்ல மனுசன்னு சொல்லுடா அவருகிட்ட."

வாளைத் திருப்பி, கைப்பிடி அவர் பக்கம் வரும்படி இரண்டு கையாலும் நீட்டினார்.

மொரிடா அதை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் ஷ்யாமளாவுக்கு உயிர் வந்தது. கூடவே வாயும்.

"என்ன மாமா நீங்க! அந்த சார்ஜென்ட் தங்கமான மனுஷன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் எப்படி நடுங்கிப் போனேன் தெரியுமா? அதென்ன எப்பப் பார்த்தாலும் பதினேழு வரைக்கும் எண்ணிட்டு நிறுத்தறீங்க?"

"காலைல வரிசையா நிறுத்தி நம்பர் சொல்லச் சொல்லுவாங்க கண்ணு. பதினேழு நான்."

"பதினெட்டு?"

"எங்கண்ணன்."

காலியாகக் கிடந்த உறையை மெல்லத் தடவினார்.

"அவனைத்தான் மூங்கில்னு சொல்லி அனுப்பிட்டேன்."